மலேசியா போகிறவர்களே, அன்ரி தந்த பார்சலைத் திறந்து பாருங்கள்

இன்று காலை அம்மாவின் சூட்கேஸில் இருந்த ஒரு பார்சலைத் திறந்தேன்.

அதற்காக அம்மா இப்போது என்னோடு கதைப்பதில்லை. பார்சல் தந்த அன்ரி என்னை வளர்ப்புச் சரியில்லாதவள் என்கிறார். ஆகவே இந்தப் பதிவு கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் அம்மாவும் கனடாவிலிருந்து மலேசியா போகிறோம் என்று போன கிழமை போட்டிருந்தேன். "போறவைக்கு டிப்ஸ் போடுங்கோ" என்று பலர் கேட்டீர்கள்.

போட நினைத்ததுதான். வருகைப் பதிவை மலேசிய அரசாங்கத்தின் இணையத் தளத்திலேயே செய்யுங்கள், அது இலவசம், காசு கேட்டால் போலி. பருத்தி உடுப்பும் குடையும் எடுங்கள். டாக்சியை ஆப்பில் கூப்பிடுங்கள். பத்துமலைக் குரங்குகளுக்கு முன்னால் பையைத் திறக்காதீர்கள்.

இதெல்லாம் யாரும் சொல்லுவார்கள். நான் சொல்லப்போவது நம் ஆட்களுக்கு.

நம்மில் ஒருவர் பிளேன் ரிக்கெற் போட்டால் போதும், ஊருக்கே கூரியர் சேர்விஸ் திறந்த மாதிரி. "ஒரு சின்னப் பார்சல்தான் பிள்ளை" என்று வருவார்கள். (சின்னது என்றால் என் சூட்கேஸில் பாதி.) அதற்கு ஒரு எழுதாத சட்டமும் உண்டு. தந்ததைத் திறந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் தந்தவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும்.

பார்சல் தந்தவரைப் பத்மா அன்ரி என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஸ்காபரோவில் வோபர்ன் பக்கம் இருக்கிறார், அம்மாவின் கோயில் சிநேகிதி. கிள்ளானில் இருக்கும் தன் தம்பிக்கு என்று ஒரு பார்சல் கொண்டுவந்து தந்தார். சுற்றிச் சுற்றிப் பழுப்பு டேப். அம்மா அதை வாங்கித் தன் சேலைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்தார்.

இன்று பார்த்தால் அம்மாவின் நீலச் சேலையில் எண்ணெய்க் கறை. பார்சல் ஒழுகியிருக்கிறது. கத்தரிக்கோலை எடுத்து வெட்டினேன். உள்ளே ஒரு பழைய தேங்காய் எண்ணெய்ப் போத்தல்.

மணந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய் இல்லை. ஸ்காபரோவில் எந்த பஸ் தரிப்பில் நின்றாலும் மூக்கில் ஏறுமே, அந்த மணம்.

உடனே அன்ரிக்குப் போன் எடுத்தேன்.

"அன்ரி, உந்தப் போத்தலுக்க என்ன எண்ணெய்?"

"அது முழங்கால் நோவுக்கு பிள்ளை. கஞ்சா எண்ணெய். நாக்குக்குக் கீழ நாலு சொட்டு விட்டா நோவெல்லாம் பறந்திடும். கண்ணாடிப் போத்தல் உடையுமெண்டு நான்தான் மாத்தி ஊத்தினனான்."

கடுகு எண்ணெய் என்பது போலச் சொன்னார்.

"அன்ரி, மலேசியாவில உதோட பிடிச்சா என்ன நடக்குமெண்டு தெரியுமே? மறியல்ல போட்டுக் கம்பி எண்ண வைப்பாங்கள். தூக்குத் தண்டனை வரைக்கும் சட்டத்தில இருக்கு."

"சும்மா விசர்க்கதை கதையாத. இஞ்ச கடையில ரசீதோட விக்கினம். களவாயே வாங்கினனான்?"

"இஞ்ச விக்கலாம். கனடாவை விட்டு வெளியில கொண்டுபோறதே குற்றம் அன்ரி."

அன்ரிக்கு விளங்கிவிட்டது, மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"அது சரி, நான் ஒட்டித் தந்த பார்சலை நீ ஏன் திறந்தனி?"

போனை வைத்துவிட்டேன். கோபம்தான். (சரி, பயமும்தான்.)

நான் பயந்தது எனக்காக இல்லை. அந்தச் சூட்கேஸ் அம்மாவுடையது. யூனிபோர்ம் போட்டவர் எவர் எதைக் கேட்டாலும் அம்மா சிரித்துக்கொண்டு "யெஸ், யெஸ்" என்றுதான் சொல்லுவார். இந்தப் பை உங்களுடையதா? யெஸ். நீங்களே அடுக்கினீர்களா? யெஸ். உள்ளே இருப்பதெல்லாம் உங்களுடையதா? யெஸ், யெஸ். எழுபது வயது மனுசியை என் கண் முன்னாலேயே கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

இதை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா கறை பட்ட சேலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"என்ன இருந்தாலும் நீ அவவைக் கேக்காமத் திறந்திருக்கக் கூடாது பிள்ளை. இனி அவவின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?"

அம்மா, உங்களை மறியலில் வந்து பார்ப்பதைவிட அன்ரியின் முகத்தில் முழிப்பது சுகம். அதைச் சொன்னதிலிருந்துதான் அம்மா கதைப்பதில்லை.

சேலை குப்பைக்குப் போய்விட்டது. சூட்கேஸும் போய்விட்டது, மோப்ப நாய்க்குக் கழுவின சூட்கேஸும் கழுவாததும் ஒன்றுதான். எண்ணெயை நான் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை.

ஆகவே டிப்ஸ் இதுதான். உங்கள் பெட்டியை நீங்களே அடுக்குங்கள். அடுத்தவர் தந்ததை அவர் முன்னாலேயே பிரியுங்கள். பிரிக்க விடாவிட்டால் கொண்டுபோகாதீர்கள். உங்கள் மருந்துகளை வாங்கிய போத்தலிலேயே, டொக்டரின் சீட்டோடு கொண்டுபோங்கள். வீட்டில் யாராவது கஞ்சா கம்மி (கஞ்சா கலந்த ஜெல்லி மிட்டாய்) சாப்பிடுகிறவர் இருந்தால் பழைய பைகளின் பொக்கற் எல்லாம் உதறிப் பாருங்கள். கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் மத்தியானம் அன்ரியே திரும்பப் போன் எடுத்தார். சமாதானத்துக்கு என்று நினைத்தேன்.

"நீ கொண்டுபோக வேண்டாம். நான் வேற போத்தல் வாங்கிட்டன். இஞ்ச அஜின்கோர்ட்டில ஒரு தம்பி அடுத்த கிழமை கோலாலம்பூர் போறான். நல்ல பிள்ளை. உன்னை மாதிரி இல்ல, குடுத்ததைத் திறந்து பாக்கமாட்டான்."

"ஆர் அன்ரி அது?"

"உனக்கேன்? அவனையும் குழப்பவே?" என்று வைத்துவிட்டார்.

அஜின்கோர்ட்டில் இருக்கிற, அடுத்த கிழமை கோலாலம்பூர் போகிற நல்ல பிள்ளையே, நீர் யார்?