ஆறு சுருள் முடி

திண்டிவனம் கோயில் தெருவில் சீயக்காய் மணக்கிற வீடு எதுவென்று கேட்டால் அஞ்சம்மாள் வீட்டைக் காட்டுவார்கள். சவுரி கட்டுவது அவள் தொழில். பெண்கள் தலைவாரும்போது சீப்பில் வரும் முடியைச் சுவர் இடுக்கில் சேர்த்துவைத்துக் கொண்டுவந்து தருவார்கள். அவள் அலசி, சிக்கெடுத்து, நீளச் சவுரியாக்கித் தருவாள். முடிச்சுப் போட நாத்தனார் சொல்லிக்கொடுத்தாள். மற்றதெல்லாம் முப்பது வருடத்தில் அவள் விரல்களே கற்றுக்கொண்டவை.

ஒற்றை முடியை இரண்டு விரல்களுக்கு நடுவில் நீளவாக்கில் தேய்த்தால் அது வேர்ப்பக்கமாக நகரும். அதை வைத்தே வேர் எது, நுனி எது என்று பிரித்துவிடுவாள். பிள்ளை பெற்ற நாலாம் மாதம் முடி கொத்தாக உதிரும், ஆனால் முடியின் தடிமன் குறையாது, மறு வருடம் வளர்ந்துவிடும் என்பதும், விஷக்காய்ச்சல் வந்தவர்களுக்கும் அப்படித்தான் என்பதும் அவள் கைப்பழக்கத்தில் தெரிந்துகொண்டவை.

1962 பங்குனியில் வல்லத்திலிருந்து கெங்கம்மாள் முடி மூட்டையோடு வந்தாள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடும் சொந்த நிலமுள்ள குடும்பம். பின்னால் மருமகள் அம்சா தகரப்பெட்டியோடு நின்றாள்.

“இன்னாம்மா, சவுரிக்குப் பொட்டியோட வந்துக்கினு?”

“பொட்டி இவளுது. இங்க பக்கத்துல கிடங்கல்ல இவ அம்மா வூட்ல வுட்டுட்டுப் போவப்போறேன். அம்மா வூட்டு எண்ணெய்னு ரெண்டு வருசமா காய்ச்சித் தேய்ச்சா. பாரு, என் வகிடு வண்டிப்பாட்ட மாதிரி அகலமா கெடக்குது. பொங்கல்லேர்ந்து என் தலைய இவள தொடவே வுடல.”

“அதே எண்ணெயதான் நானும் தேய்க்கிறேன் அத்தை,” என்றாள் அம்சா தரையைப் பார்த்தபடி.

“உனக்கு இன்னாடி, வயசு இருக்குது, தாங்குது!”

அஞ்சம்மாள் அதைக் காதில் வாங்கிக்கொண்டாள். மூட்டையைப் பிரித்தாள். உள்ளே ஆறு சுருள்கள். கெங்கம்மாள் ஒவ்வொரு போகிக்கும் அந்த வருட முடியைத் துணிக்கிழிசலால் கட்டி வைத்திருந்தாள்.

“எந்தத் துணி எந்த வருசம்னு நெனப்பிருக்குதா?”

“ஏன் இல்லாம? மஞ்சத் துணி ரெண்டும் எம் புள்ள சீனுவாசன் கல்யாணத்துத் தாம்பூலப் பைல மிஞ்சினது. இவ வந்தப்புறம் கட்டினது. செவப்பு அதுக்கு மின்ன. நீலம் அதுக்கும் மின்ன...”

பழையது முதலாக வரிசையில் வைத்தாள் அஞ்சம்மாள். பிறகு ஒரு தையல் ஊசியை எடுத்தாள்.

“நான் கோக்கறேன். நீங்க எண்ணுங்க. முடி மெலிஞ்சா காதுல நெறைய போவும்.”

முதல் சுருளிலிருந்து ஒவ்வொரு முடியாக ஊசிக்காதில் நுழைத்தாள். பதினெட்டோடு காது அடைத்துக்கொண்டது. கடைசி மஞ்சள் சுருளில் இருபத்தெட்டு போயிற்று.

“பாத்தியா! இவ வந்தப்புறம்தான் நூலாப் போச்சி,” என்றாள் கெங்கம்மாள். அம்சா பெட்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள்.

“இருங்கம்மா. நடுவுல இருக்கறத எண்ணல.”

நீலத்துணிச் சுருளை எடுத்தாள். பதினெட்டு தாண்டியது. இருபது. இருபத்திரண்டில்தான் நின்றது. நம்பாமல் கெங்கம்மாள் மறுபடி கோக்கச் சொன்னாள். மறுபடியும் இருபத்திரண்டுதான்.

“நீலத் துணி கட்டறப்ப இவ எங்க இருந்தா?”

கெங்கம்மாள் நீலத்துணியைத் தடவிப் பார்த்தாள். “அப்ப நாங்க பொண்ணே பாக்கல,” என்றாள்.

“கொட்றது எப்பவும் போலதான் கொட்டுது. சுருளுங்க எல்லாம் ஒரே பருமன், பாருங்க. ஆனா அந்த எடத்துல திரும்ப மொளைக்கிறது ஒவ்வொரு தடவயும் மெலிசா மொளைக்குது, குட்டையாவே நின்னுடுது. வயசு ஆவ ஆவ அப்பிடித்தான். உங்க அம்மாவுக்கு எப்பிடி?”

“அவங்களுக்கும்... உச்சி பளிச்சினு தெரியும்.”

“எனக்கும்தான்.” அஞ்சம்மாள் தன் கொண்டையை அவிழ்த்தாள். பாதிக்குமேல் சவுரியாகக் கையோடு வந்தது. “இது முப்பது வயசுல கொட்டுன என் முடிதான். நான் யாரு எண்ணெயையும் தேய்ச்சிக்கல.”

“ஏன் அப்பிடி மெலியுது?”

“அது தெரியலம்மா. கையில வந்தத வச்சிதான் சொல்றேன்.”

கெங்கம்மாள் தன் கொண்டையைத் தானே அவிழ்த்தாள். அம்சா பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள்.

“வாரி முடி. ஜல்தி. பஸ்ஸு போயிடும்.”

“கிடங்கலுக்கு நடந்தே போயிடலாமே அத்தை.”

“வல்லத்து பஸ்ஸ சொல்றேன்டி.”

அம்சா பெட்டியை வைத்துவிட்டுச் சீப்பை எடுத்தாள். முதல் வாரலிலேயே ஏழெட்டு முடி சீப்போடு வந்தது. அவள் கை நின்றுவிட்டது.

கெங்கம்மாள் திரும்பாமலே உள்ளங்கையைப் பின்னால் நீட்டினாள்.

“குடு. ஏழாவது சுருளுக்கு ஆவும்.”