எருமை பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம்

நான் ஓவிய ஆசிரியராக இருந்த காலத்தில், பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் ஆறு பேர் உட்கார்ந்து ஓர் எருமையை வரைந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைக்காட்சியில் பதின்மூன்று வாரம் ஓடிய குழந்தைகள் படம் அது. ஆற்றில் கிடக்கும் எருமையிடம் கொக்கும் தவளையும் வந்து கேள்வி கேட்கும். எருமை நான்கு முறை அசைபோட்டுவிட்டுத்தான் பதில் சொல்லும். அந்த வருடம் என் வகுப்புப் பையன்கள் வாய்ப்பாடு கேட்டால்கூடத் தாடையை நான்கு சுற்று சுற்றிவிட்டே வாயைத் திறந்தார்கள். தலைமையாசிரியர் அவர்களை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கண்டித்தார்.

ஒருமுறை அசைபோட ஆறு படம். ஒவ்வொரு படமும் திரையில் இரண்டு கட்டம், அதாவது பிரேம், நிற்கும். விநாடிக்கு இருபத்துநான்கு கட்டம். ஆக, நான்கு முறைக்குச் சரியாக இரண்டு விநாடி. இந்தக் கணக்கு நான் போட்டது. போட வைத்தவர் எருமைக்குக் குரல் கொடுத்த டீச்சர். மிஷன் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்தார்கள். கனமான, நிதானமான குரல். ஆனால் முதல் சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். அது வெளியே வந்துவிட்டால் மீதி தடையில்லாமல் வரும். ஊரில் அதற்கு வைத்திருந்த பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒலிநாடா வந்தபோது ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் ஓர் அமைதி இருந்தது. மறுபடி பதிவுசெய்ய வசதியில்லை. அமைதியை அளந்தேன். எருமையை அசைபோட வைத்தேன்.

இப்போது சென்னையில் ஒரு நிறுவனம் அதைப் புதிதாக எடுக்கிறதாம். இன்றைய குழந்தைகளுக்கு ஏற்றபடி. ஆறு பேரில் நான்கு பேர் போய்விட்டார்கள், ஒருவர் மகளோடு வெளிநாட்டில் இருக்கிறார். எஞ்சியவன் நான். நான் ‘நன்றாக இருக்கிறது’ என்று கேமராவுக்கு முன்னால் சொல்ல வேண்டுமாம், விளம்பரத்துக்கு. டீச்சர் பழையபடி குரல் கொடுக்க வேண்டுமாம். பாளையங்கோட்டைக்குப் பக்கத்து வண்ணார்பேட்டையில் ஓர் ஓட்டலில் அறை எடுத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார்கள்.

ஆட்டோவில் போகும்போதே டீச்சரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: அந்த இரண்டு விநாடியில் கைவைத்தால் நானும் பேச மாட்டேன், நீங்களும் கையெழுத்துப் போடக் கூடாது. அவர்கள் கைப்பையின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

இயக்குநர் என்று வந்தவனுக்கு முப்பது வயது இருக்கும். அப்பாவுக்கு அம்பாசமுத்திரமாம். அந்த உரிமையில் என்னை “வாங்க அண்ணாச்சி” என்றான். எழுபத்தொன்பது வயதில், முப்பத்துநான்கு வருடம் பள்ளியில் நின்றவனை, உளுந்து நிறுக்கிற கடைக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி. கணினியில் ஒரு நிமிடம் ஓட்டிக் காட்டினான். அந்த ஒரு நிமிடத்துக்குள் காட்சி முப்பத்தொரு முறை மாறியது. எங்கள் படத்தில் ஏழுக்கு மேல் போகாது. எருமை இளைத்திருந்தது. ஒரு கண்ணுக்குப் பதினொரு இமைமயிர். கொக்கு கேட்டு முடிக்கும் முன்பே பதில் சொல்லிவிட்டுத் தண்ணீரில் குதிக்கிறது. எருமை குதித்து நான் பார்த்ததில்லை.

அசைபோடுவது எங்கே என்று கேட்டேன்.

இப்போதுள்ள பிள்ளைகள் இரண்டு விநாடி சும்மா இருந்தால் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள் என்றான். நான் விடவில்லை. யோசித்துவிட்டுப் பேசுகிற ஒரே பிராணி அந்தப் படத்தில் அதுதான், அதையும் வாயாடியாக்கிவிட்டு என்ன எடுக்கிறீர்கள் என்றேன். நிற்காமல் பேசுகிறவர்கள் இந்த நாட்டில் போதாதா என்றும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சிரித்தான். சிரிக்கிறவனிடம் சண்டை போடுவது எனக்கு எப்போதும் சரிப்பட்டதில்லை.

டீச்சரைப் பேசவைத்துப் பார்த்தார்கள். வெளிச்சத்தம் வராமல் ஜன்னலில் போர்வை கட்டியிருந்தது. பத்து வாக்கியம். முதல் வாக்கியத்துக்கு முன் ஐந்து விநாடி ஆனது. வயது ஆக ஆக அது கூடியிருக்கிறது. கழுத்து நரம்பு புடைத்தது. நான் தரையைப் பார்த்தேன். அந்தப் பையன் அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

பிறகு என்னவோ தட்டினான். அமைதிகளையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டுப் போட்டுக் காட்டினான்.

டீச்சரின் குரல்தான். பத்து வாக்கியமும் மடை திறந்த மாதிரி வந்தன. எங்கும் நிற்கவில்லை. “டீச்சர், இது நீங்க பேசுனது இல்ல” என்றேன். “வெட்டி ஒட்டுனது.”

அவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். வாய் திறந்தது, சொல் வரவில்லை. காத்திருந்தேன்.

“நான் நிக்காமப் பேசி எழுபத்துநாலு வருசத்துல நானே கேட்டதில்ல சார்” என்றார்கள். “ஒங்களுக்கு அந்த எடம் எருமை அசைபோடுத எடம். எனக்கு அங்கன மூச்சு முட்டும்.”

கோயிலில் ஒருநாளும் தன்னை வேதபாடம் வாசிக்கக் கூப்பிட்டதில்லை என்றும் சொன்னார்கள். அதை அவனிடம் சொன்னார்கள், என்னிடம் இல்லை. பைபிளில் ஓர் அதிகாரத்தை வாசித்துக் கொடுத்தால் இப்படியே செய்து போனில் போட்டுத் தருவாயா தம்பி என்று கேட்டார்கள். செய்யலாம் டீச்சர் என்றான். கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு இடத்தில்.

கேமராவை என் பக்கம் திருப்பினார்கள். பேச மாட்டேன் என்று எழுந்துபோயிருக்க வேண்டும். போகவில்லை. எருமைக்குக் காது கொம்புக்குக் கீழே இருக்கும், நீங்கள் மேலே வைத்திருக்கிறீர்கள், நேரில் எருமையைப் பார்த்தவர் உங்களில் எத்தனை பேர் என்று ஆரம்பித்து நான்கு நிமிடம் காதைப் பற்றியே திட்டினேன். அந்த இரண்டு விநாடியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

பக்கத்தில் டீச்சர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, பதிவை மூன்றாம் முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.