ஆடியது தலையல்ல, தரை

2001 குடியரசு தினக் காலை. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீடு நாலாவது மாடி. ஏழாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்தும் டீச்சர் நான். கொடியேற்றத்துக்குக் கிளம்பப் புடவை மடிப்பைச் செருகிக்கொண்டிருந்தபோது தலை கிர்ரென்றது. சுவரைப் பிடித்தேன். சுவரும் என்னோடு சேர்ந்து அசைந்த மாதிரி இருந்தது.

மாமியார் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, தலை சுத்துதா?"

"ஆமா அத்தை."

அவ்வளவுதான், முகத்தில் அப்படியொரு வெளிச்சம்! கல்யாணமாகி நாலு வருஷமாய் இதற்குத்தானே காத்திருந்தார். "மாதாவே!" என்றவர், பதிலுக்குக்கூட நிற்காமல் எலுமிச்சம்பழம் பிழியப் போய்விட்டார்.

அதற்குள் எதிர் வீட்டு ஆன்ட்டி சர்க்கரை கேட்டு வந்தார். சுகர் இறங்கிவிட்டதாம். கீழ் வீட்டு ரிட்டயர்டு சார் பி.பி. மாத்திரையை விழுங்கிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். ஒரே கட்டடத்தில், ஒரே நேரத்தில், இத்தனை பேருக்குத் தலை சுற்றல்! ஒருத்தருக்காவது தரைமேல் சந்தேகம் வரவேண்டாமா? வரவில்லை. பெங்களூர் ஆடாது என்பது எங்களுக்கெல்லாம் வேதவாக்கு.

மற்றவர்களை விடுங்கள், எனக்கு வந்திருக்க வேண்டும். போன வாரம்தான் இரண்டு சப்பாத்திகளை மேஜைமேல் எதிரெதிராகத் தள்ளி, நடுவில் எழும்பிய மடிப்பைக் காட்டி, "இதுதான் இமயமலை" என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன். நாம் நிற்கும் நிலத்தட்டு நகம் வளரும் வேகத்தில் வடக்கே நகர்கிறது. பாறை உருகி, உறைந்து, தேய்ந்து மணலாகி, மண்ணுக்கடியில் அழுந்தி மறுபடி பாறையாகிறது. எல்லாம் கோடிக்கணக்கான வருஷக் கணக்கு, நமக்கென்ன அவசரம் என்று சிரிக்கவும் செய்தேன்.

கையில் ஜூஸோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தபோது செய்தி வந்தது. குஜராத்தில் பூகம்பம். அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்து கிடந்தன. அங்கேதான் என் அக்கா இருந்தாள், ஐந்தாவது மாடியில்.

போனை எடுத்தால் லைனெல்லாம் பிஸி என்று பதிவு செய்து வைத்த ஒரு பெண் குரல். மறுபடி, மறுபடி அதே குரல். பாவம், அவள் என்ன செய்வாள்? ஆனாலும் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். என் வீட்டுக்காரர் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். மாமியார் போனுக்குப் பக்கத்தில் ஜெபமாலையோடு தரையில் உட்கார்ந்தவர், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் மணி அடித்தது. அக்காவேதான்! "தோத்திரம் ஆண்டவரே" என்று மாமியார் கத்தினார்.

"பாப்பா ஸ்கூல்ல கொடியேத்தத்துக்குப் போயிருந்தோம். கிரவுண்ட்ல நின்னதால தப்பிச்சோம்" என்றாள். குரலில் அழுகையே இல்லை. "லீவு நாளுதானேன்னு அவரை எழுப்பாமப் போயிட்டேன்டி."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். நெருக்குண்டு மாட்டிக்கொண்ட பாறை வருஷக்கணக்காய்ப் பொறுத்திருந்து ஒரே நொடியில் பிளக்கும். அதன் அதிர்வு பெங்களூர் வந்து சேரச் சில நிமிஷம் பிடிக்கும். அப்படியென்றால் எனக்குத் தலை சுற்றியபோதே அத்தான் இடிபாட்டுக்குள் இருந்தார். பாழாய்ப்போன பூகோளம், அந்த நேரத்தில்தானா ஞாபகம் வர வேண்டும்?

காரியமெல்லாம் முடிந்து அக்காவையும் பாப்பாவையும் பெங்களூருக்கு அழைத்து வந்தோம். ஆட்டோவிலிருந்து குதித்த பாப்பா குடுகுடுவென்று படியேறினாள். அக்கா அலறினாள் பாருங்கள், தெருவே திரும்பிப் பார்த்தது. ஓடிப்போய்க் குழந்தையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

"அக்கா, இது ரொம்பப் பழைய பாறை. முந்நூறு கோடி வருஷம். இங்க ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"அங்கயும் ஒண்ணும் ஆகாதுன்னுதான்டி இருந்தோம்."

மாமியார் மாடிக்குப் போய்ச் சோற்றைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்தார். கேட்டுக்கு வெளியே வெறுந்தரையில் உட்கார்ந்துதான் அக்கா, பாப்பா, நான் மூவரும் சாப்பிட்டோம். அக்கா ஒரு கையால் சாப்பிட்டாள். இன்னொரு கை பாப்பாவின் பாவாடையைப் பிடித்தபடியே இருந்தது.