கிளியை எடுத்த லென்ஸ்

எழுபதுகளின் நடுவில், காரைக்குடியில் இருந்த என் ஸ்டுடியோவுக்கு ஒரு டெலி ஜூம் லென்ஸ் வாங்கியே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றேன். தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் இழுத்துக் காட்டும் லென்ஸ். ஊரில் வேறு எந்தப் போட்டோகாரரிடமும் அது கிடையாது. எனக்கு அந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது. நிஜமாகவே தேவைதானா என்று யோசிக்கிற புத்தி அன்றைக்கு எனக்கு ஏது?

அக்காளைக் கட்டிய மச்சான் பினாங்கில் ஒரு பலசரக்குக் கடையில் வேலையாக இருந்தார். ஊருக்கு வரும்போது வாங்கி வரச் சொல்லி எழுதியிருந்தேன். மனிதர் கடை கடையாக ஏறி இறங்கி விசாரித்து, நாலு பக்கத்துக்குக் கடிதம் போட்டார். இரண்டு லென்ஸ் இருக்கிறதாம். ஒன்று சின்னது, விலை மலிவு. இன்னொன்று பெரியது, முன்பக்கக் கண்ணாடி பலகாரத் தட்டு அகலத்துக்கு இருக்கும், விலை இரண்டு பங்குக்கு மேல். லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும் என்பதை அதன் விளிம்பில் எண்ணாகப் போட்டிருப்பார்கள். எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். சின்னதில் 5.6, பெரியதில் 3.5. அதையும் மச்சான் மறக்காமல் குறித்து அனுப்பியிருந்தார்.

"மாப்ள, கடைக்காரர் சொல்றது இதுதான். சின்னது நல்ல வெயில்ல ஜோரா எடுக்குமாம். பெருசு இருட்டடைஞ்ச இடத்துலயும் எடுக்குமாம். நீ எடுக்குறது பூராம் கல்யாண வீடு. நம்ம பக்கத்து வீடுக உள்ளே எம்புட்டு வெளிச்சம்னு ஒனக்குத் தெரியும். யோசிச்சு எழுது."

நான் யோசிக்கவே இல்லை. அன்று மாலையே பதில் எழுதிப் போட்டுவிட்டேன். சின்னது போதும், மிச்சப் பணத்துக்குத் தங்கக் கலரில் செயின் வைத்த கைக்கடிகாரம் ஒன்று எனக்கு வாங்கி வாருங்கள். பெரிய லென்ஸுக்கான பணம் முழுதாகக் கையில் இருந்தது. இல்லாமல் வாங்காதிருந்தால் அது வேறு கதை. இருந்தும், கையில் பளபளவென்று ஒன்று மின்ன வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடித்தால்கூடத் தப்பில்லை.

லென்ஸ் வந்ததும் முதல் வேலையாகக் கோவிலூருக்குப் போனேன். உச்சி வெயில். கோபுரத்தின் மேலே ஒரு பொம்மையின் தோளில் கிளி ஒன்று உட்கார்ந்திருந்தது. எடுத்துக் கழுவிப் பார்த்தால் அப்படியொரு படம்! கிளியின் கழுத்துக் கோடுகூடத் தெரிந்தது. பெரிதாகப் போட்டு ஸ்டுடியோ வாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டினேன். டீக்கடையில் உட்கார்ந்து, "கப்பல்ல வந்தது. இருக்குறதுலயே ஒசத்தி" என்று அளந்தும் விட்டேன். கேட்டவர்களில் யாருக்கு 5.6 தெரியும், 3.5 தெரியும்? நீளமாக இருந்ததைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

அந்தக் கிளிப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெண் உள்ளே வந்தாள். கீழச்சிவல்பட்டியில் ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை. அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பினாங்கில் தொழில், கல்யாணமானதும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். பெண் வீட்டுப் படமெல்லாம் நான்தான் எடுப்பது என்று ஏற்கனவே பேசி முடித்திருந்தார்கள். ஆனால் அவள் தனியாக ஒன்று சொல்ல வந்திருந்தாள். கூட வந்த பெண்ணை வாசலிலேயே நிறுத்திவிட்டு, குரலைத் தணித்துப் பேசினாள்.

"அண்ணே, எனக்கு ஆறு வயசுல எங்க அப்பச்சி தவறிட்டாக. ஆத்தாதான் எல்லாம். ஆனா திருப்பூட்டுற நேரத்துல ஆத்தா முன்னுக்கு வரமாட்டாக. ரெண்டாங்கட்டு நிலைப்படியிலதான் நிப்பாக. எனக்குத் திரும்பிப் பாக்கக்கூட முடியாது, தலையைக் குனிஞ்சு இருக்கச் சொல்லுவாக. நீங்க அந்த நேரம் ஆத்தாவ ஒரு படம் எடுத்துத் தரணும்."

எங்கள் பக்கத்தில் புருஷனை இழந்தவர்கள், பெற்ற மகளுக்கே ஆனாலும், திருப்பூட்டி தாலி ஏறும் நேரத்தில் எதிரே நிற்பதில்லை. அது தெரிந்ததுதான். அவர்களைக் கல்யாணப் படத்தில் சேர்ப்பதுமில்லை. அந்தப் பக்கம் பிளாஷ் ஒரு தடவை மின்னினால் போதும், பெரியவர்கள் பிடிபிடியென்று பிடித்துக்கொள்வார்கள்.

"பிளாஷ் போடக்கூடாதே, தாயி" என்றேன்.

"வேணாம்ணே. இம்புட்டுத் தூரத்துக் கிளியவே எடுத்திருக்கீக. எங்க ஆத்தா அம்புட்டுத் தூரத்துல நிக்கமாட்டாகளே."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'கிளி வெயிலில் இருந்தது தாயி, உங்கள் வீட்டு இரண்டாங்கட்டு இருட்டு, இந்த லென்ஸ் அதற்குத் தாங்காது' என்று ஒரே ஒரு வாக்கியம். கைக்கடிகாரத்தைத் தள்ளிவிட்டுக்கொண்டு, "அதுக்கென்ன, ஜம்முன்னு விழும்" என்றேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

முகூர்த்தம் விடிந்தும் விடியாத வேளையில். போதாததற்கு வானம் மூடிக்கிடந்தது. தாலி பூட்டுவதை எடுக்க மாப்பிள்ளை வீட்டுப் போட்டோகாரர் வேறு இருந்தார். அதனால் நான் வளவுக்குள், நடுமுற்றத்தை ஒட்டி ஒரு தூணோடு தூணாகச் சாய்ந்து, எதிர்க் கோடியில் இருந்த இரண்டாங்கட்டு நிலைப்படியைப் பார்க்கத் தோதாக நின்றுகொண்டேன். ஸ்டாண்ட் வைக்க வழியில்லை. வைத்தால் இவன் எங்குட்டு எடுக்கிறான் என்று ஊரே திரும்பிப் பார்க்கும். கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும்.

கெட்டிமேளம் கொட்டியது. லென்ஸ் வழியாகப் பார்த்தேன். மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனால் தெரிந்தது. வெள்ளைச் சேலையில் அவள் ஆத்தா, ஊரார் வாயில் ஆச்சி, நிலைக்கு உள்ளே. மகள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர், லென்ஸ் தன் பக்கம் திரும்பியிருப்பதைக் கண்டுகொண்டார். மறைந்துகொள்வார் என்று நினைத்தேன். மறையவில்லை. யாரும் கவனிக்கிறார்களா என்று இங்குட்டும் அங்குட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை நேராக்கிக்கொண்டு, நிலைப்படியைத் தாண்டி ஓரடி முன்னால் வந்து நின்றார். முகத்தை நிமிர்த்தினார். கண்ணில் தண்ணீர், உதட்டில் சிரிப்பு. மூன்று படம் எடுத்தேன். லென்ஸைத் தாங்கிய கையில்தான் அந்தக் கடிகாரமும் இருந்தது.

இருட்டறையில் மூன்றையும் கழுவிப் பார்த்தேன். இரண்டில் ஒன்றுமே இல்லை, கருப்பு. மூன்றாவதில் கருப்புக்கு நடுவே வெள்ளையாக ஒரு தீற்றல், கரைந்த சுண்ணாம்பு மாதிரி. கை ஆடியிருக்கிறது, வெளிச்சம் போதவில்லை. பெரிய லென்ஸ் இதைவிட இரண்டரை மடங்கு வெளிச்சம் வாங்கும். கச்சிதமாக விழாவிட்டாலும் முகம் முகமாக இருந்திருக்கும். அந்த ஒரு பிரதியை மட்டும் மேசை இழுப்பறையின் அடியில் போட்டு, மேலே காகிதத்தை அடுக்கினேன்.

கப்பல் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னால் அவள் ஆல்பம் வாங்க வந்தாள். புருஷன் காரில் இருந்தார். ஆல்பத்தை நின்றபடியே கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து புரட்டினாள்.

"அந்தப் படம் எங்கண்ணே?"

லென்ஸ் மட்டமானது என்று சொன்னால் டீக்கடையில் என் மானம் போகும். சொல்லாமல் இருக்க ஒரு பொய் வேண்டும். நாக்கில் முதலில் வந்ததைச் சொன்னேன்.

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் தாயி. கெட்டிமேளம் கொட்டவும் ஆச்சி உள்ள போயிட்டாக."

"உள்ள போயிட்டாகளா?"

"ஆமா."

"பாக்கவே இல்லையா?"

நான் ஆல்பத்துக்கு உறை தேடுகிற பாவனையில் திரும்பிக்கொண்டேன். அவள் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அப்பாடா என்றுகூட இருந்தது எனக்கு. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு பகல் வேளையில் அந்த ஆச்சி பஸ்ஸில் வந்து இறங்கி ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார். மகளுக்குப் பிள்ளைப்பேறு, பினாங்குக்குப் போக வேண்டும், பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும் என்றார். ஸ்டூலில் உட்காரவைத்து விளக்குகளைப் போட்டேன். அந்த முகத்தில் இப்போது வேண்டிய அளவுக்கு வெளிச்சம் இருந்தது. கேமராவுக்குப் பின்னால் நான் குனிந்தபோது அவர் பேசினார்.

"தம்பி, எம்மக எழுதியிருந்தா. ஏன் ஆத்தா உள்ள போனீக, என்னையப் பாக்கக்கூடவா பிடிக்கலைன்னு. நான் எங்க போனேன்? அங்ஙனேதான நின்னேன். நீங்க என்னையப் பாத்தீகளே. உங்களுக்குத் தெரியட்டும்னுதான ஓரடி முன்னுக்கு வந்தேன்."

சண்டைக்கு வந்த குரல் இல்லை அது. நிஜமாகவே விளங்காமல் கேட்டார்.

"நீங்க என்ன பதில் எழுதினீக, ஆச்சி?" என்று கேட்டேன்.

"ஆமாத்தா, போயிட்டேன்னு எழுதிட்டேன். நீங்க ஒண்ணு சொல்லி, நான் ஒண்ணு சொன்னா, ஒங்களப் பொய்யன்னு ஆக்கிப்புடுவாக. நாலு வீட்டுல கூப்புட மாட்டாக. பொழைக்கிற பிள்ளை."

விளக்கை அணைத்துவிட்டு இழுப்பறையை இழுத்தேன். அந்தப் படத்தை அவர் கையில் கொடுத்து, லென்ஸில் தொடங்கிக் கைக்கடிகாரம் வரை எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கி, படத்தை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.

"இந்த வெள்ளையா நானு?"

"ஆமாச்சி."

"மூஞ்சியவே காணமே" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. படத்தை வாங்கி, பின்னால் பேனாவால் எழுதினேன்: 'ஆச்சி உள்ளே போகவில்லை. ஓரடி முன்னால் வந்து நின்று பார்த்தார்கள். என் லென்ஸ்தான் மட்டம். நான் சொன்னது பொய்.' கையெழுத்தும் போட்டேன்.

"கட்டாயம் மககிட்டக் காட்டுங்க ஆச்சி."

"பாப்பம், பாப்பம்" என்று பைக்குள் வைத்துக்கொண்டார்.

காட்டிவிடுவார் என்றே நம்பினேன். பாரம் இறங்கினாற்போல இருந்தது. கடிகாரத்தைக் கழற்றி இழுப்பறைக்குள் போட்டேன். வீசி எறியவில்லை, அவ்வளவு யோக்கியன் இல்லை நான். அடுத்து அவர் பினாங்குக்குப் போனதும், ஆறு மாதம் இருந்து திரும்பியதும், மறு வருஷம் ஒரு காய்ச்சலில் தவறிப்போனதும் எல்லாம் பிறர் சொல்லித்தான் காதில் விழுந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மகள் வந்தாள். இடுப்பில் குழந்தை. அந்தப் படத்தை மேசையில் வைத்தாள், எழுத்து இருந்த பக்கம் மேலே தெரியும்படி.

"ஆத்தா பெட்டியில, சேலைக்கு அடியில இருந்துச்சு. இத எப்ப எழுதுனீக?"

"பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வந்த அன்னைக்கு. அப்ப ஆச்சி இதக் காட்டலையா?"

"ஆறு மாசம் எங்கூட இருந்தாகண்ணே. ஒரு நா கோவத்துல கேட்டுப்புட்டேன், தாலி ஏறுறதப் பாக்கக்கூட ஒங்களுக்கு மனசில்லையான்னு. சிரிச்சுக்கிட்டே பிள்ளையத் தூக்கிக்கிட்டு அங்குட்டுப் போயிட்டாக. இது அப்பவும் அவுக பையிலதான இருந்திருக்கும்."

எனக்குத் தலை நிமிரவில்லை. எங்கேயோ காரைக்குடியில் ஒரு போட்டோகாரனின் பேர் கெட்டுவிடக் கூடாது என்று, பெற்ற மகளின் மனக்குறையை அந்த மனுஷி வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கிளிப் படம் இன்னும் வாசலில்தான் மாட்டியிருந்தது.

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, படத்தைத் திருப்பி, அந்த வெள்ளைத் தீற்றலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல ஒண்ணும் தெரியலண்ணே. நீங்க ஒரு ஆளுதான் பாத்திருக்கீக" என்றாள். "எப்படி நின்னாக? காட்டுங்க."

ஸ்டுடியோ வாசலுக்குப் போய், நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றேன். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். இங்குட்டும் அங்குட்டும் ஒரு பார்வை பார்த்தேன். இல்லாத தலைப்பை நேராக்கினேன். படியைத் தாண்டி ஓரடி முன்னால் வந்து, முகத்தை நிமிர்த்தி, அவளைப் பார்த்து நின்றேன்.

"சிரிச்சாகளா?" என்று கேட்டாள்.

"சிரிச்சாக" என்றேன். அதை மட்டும் என்னால் செய்து காட்ட முடியவில்லை.