ஒருமுறைதான் கேட்பார்கள்

அந்த வீட்டில் காலை பத்தரை மணிக்குக் காப்பி. மேசை நடுவில் ஒரு தகர டப்பாவை வைத்துத் திறப்பார்கள். ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்ததும் மூடி விழுந்துவிடும். முதல் நாள் டப்பா என் பக்கம் வந்தபோது, "வேண்டாங்க" என்றேன். பசி இல்லாமல் இல்லை. கப்பலை விட்டு இறங்கி, ரயிலேறி, பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்த மறுநாள் அது. ஆனால் ஒரு வீட்டில் முதல் தடவை நீட்டும்போதே கை நீட்டி எடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. இரண்டாவது தடவை சொல்வார்கள், மூன்றாவது தடவை கோபித்துக்கொள்வார்கள், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அந்த வீட்டு அம்மாள் தலையை ஆட்டிவிட்டு மூடியை அழுத்தி மூடினார். டப்பா அலமாரிக்குப் போய்விட்டது.

அவர் எங்கள் துரைசானியின் அக்கா. கலியாணம் செய்துகொள்ளாதவர். எங்கள் துரைக்கு ஏற்காட்டில் காப்பித் தோட்டம். துரை இங்கிலீஷ்காரர், துரைசானிக்கு ஹாலந்து தேசம். நான் மலையடிவாரத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டி. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். புருஷன் போன பிறகு, மகளை வளர்க்க வேண்டுமே என்று மலைமேல் ஆயா வேலைக்குப் போனேன். பல வருஷம் கழித்துத் துரைசானி பிறந்த வீட்டுக்கு விடுமுறைக்குக் கிளம்பினார். துரை தோட்டத்தை விட்டு வர முடியவில்லை. மூன்று வயதுப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள நான் போனேன்.

அவர்களுக்கு அது விடுமுறை. எனக்கு மாடிப்படி. அந்த ஊர் வீடுகள் ஒடுக்கமானவை. படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்தாக நிற்கும். ஒரு கையில் சேலைக் கொசுவம், இடுப்பில் பாப்பா, அவளுடைய ஈரத் துணி, பால், பொம்மை என்று நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்கினேன். ராத்திரி படுத்தால் முட்டி தனியாக வலித்துக்கொண்டிருக்கும். துவைத்த துணி காயாது. மழை மேலிருந்து விழாமல் பக்கத்திலிருந்து வந்து அடிக்கும். கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தால் போதும், ஊரே கடற்கரைக்குப் போய் வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். நான் பாப்பாவின் காதிலிருந்து மணலைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஊரில் நிலம் கீழே, தண்ணீர் மேலே. கால்வாயில் போகும் படகு என் தலைக்கு மேலே போவதைப் பார்த்து முதலில் நெஞ்சு திடுக்கென்றது. ஜேடர்பாளையத்து அணையை நான் பார்த்திருக்கிறேன். அங்கே தண்ணீரை மறித்து வயலுக்கு வாங்கிக்கொள்கிறோம். இவர்கள் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு, அது இருந்த இடத்திலேயே குடியிருக்கிறார்கள். தெருவைப் பார்த்த ஜன்னலெல்லாம் ஆள் உயரக் கண்ணாடி. பொழுது சாய்ந்தாலும் திரையை இழுக்க மாட்டார்கள். உண்பது, படிப்பது, சண்டை போடுவது எல்லாம் வெளியே தெரியும். ஆனால் ஒருவரும் நின்று பார்க்க மாட்டார்கள். எங்கள் தெருவில் கதவைச் சாத்தினால்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

அக்கா காலையில் முட்டிபோட்டு வாசற்படியைத் தானே சோப்புப் போட்டுத் தேய்ப்பார். தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். கோலம் போடாமல் உள்ளே போய்விடுவார். பாதியில் விட்ட வேலை போல எனக்கு உறுத்தும்.

ஒரு நாள் மாலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு உறவுக்காரர் வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே, "நாங்கள் சாப்பிடப் போகிறோம்" என்று அக்கா சொன்னாராம். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, சிரித்தபடியே கிளம்பினார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

இதையெல்லாம் பார்த்தும் என் வாய் திருந்தவில்லை. உருளைக்கிழங்குத் தட்டு வரும், வேண்டாங்க என்பேன், தட்டு போய்விடும். மூன்றாவது வாரம் துரைசானி கேட்டார்.

"ஆயா, நீ இளைச்சுப் போச்சு. சாப்பாடு பிடிக்கலையா?"

"பிடிக்குதுங்கம்மா."

"அப்போ சரி."

அந்த வாரம்தான் என் மகளிடமிருந்து கடுதாசி வந்தது. அவளைத் தம்மம்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தேன். நான் கப்பலேறும்போது ஒன்றும் தெரியாது. இப்போது ஐந்து மாதம் முடிந்துவிட்டதாம். "மாமியார் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். நீ வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம் அம்மா. நான் சமாளித்துக்கொள்வேன்" என்று எழுதியிருந்தாள். முதல் பிரசவம் தாய் வீட்டில். அந்த வீட்டைப் பூட்டிச் சாவியை நான் பெட்டிக்குள் வைத்திருந்தேன். எனக்கு அவள் ஒருத்தி, அவளுக்கு நான் ஒருத்தி. அவள் எழுதிய "வர வேண்டாம்" எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் நாங்கள் ஊர் திரும்புவது தை மாதத்துக்கு மேல்தான். அவளுக்குக் கார்த்திகையில் நாள்.

துரைசானியிடம் விஷயத்தை மட்டும் சொன்னேன். மறுநாள் காப்பி நேரத்தில் அவரே கேட்டார்.

"ஆயா, அக்காவுக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் ஜாவா போறாங்க. ரெண்டு வாரத்திலே கப்பல். கொழும்பு வரைக்கும் பிள்ளைங்களைப் பாத்துக்க ஆயா வேணுமாம். நீ போறியா?"

உடனே கிளம்பிவிடத்தான் ஆசை. வாய் வழக்கப்படி பேசியது. "இருக்கட்டுங்கம்மா. பாப்பா ஏங்கிப் போயிருமுங்க."

பாப்பாவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ போய் மகளைக் கவனி என்று சொல்வார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"சரி" என்றார் துரைசானி. அக்காவிடம் அவர்கள் பாஷையில் சொன்னார். அக்கா தலையை ஆட்டிவிட்டு டப்பாவை மூடினார்.

இரண்டு நாள் காத்திருந்தேன். துரைசானி படியிறங்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம், இதோ கேட்கப் போகிறார் என்று கிழங்கு உரிக்கும் கத்தியைக் கீழே வைப்பேன். முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு எதிரில் நின்றும் பார்த்தேன். ஜலதோஷமா என்று கேட்டு ஒரு மாத்திரை கொடுத்தார். நானாகப் போய்க் கேட்க நாக்கு எழவில்லை. இத்தனை வருஷ வேலையில் எனக்கென்று ஒன்று வேண்டும் என்று நான் கேட்டதே கிடையாது.

மூன்றாம் நாள் மத்தியானம், பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனோம். பிள்ளை பெற்றவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவளைப் பெற்றவள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களுக்கு அங்கே ஒரு பலகாரம் உண்டு. வட்டமான ரஸ்கில் வெண்ணெய் தடவி, மேலே வெள்ளையும் ரோஜா நிறமுமாகச் சர்க்கரை பூசிய சின்ன உருண்டைகளைத் தூவிக் கொடுக்கிறார்கள். தட்டு என் முன்னால் வந்தது. வேண்டாம் என்று கை எழுவதற்குள் வாசனை வந்துவிட்டது. சோம்பு. அந்த உருண்டைக்குள் இருந்தது சோம்பு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று நாங்கள் சோம்பைப் போட்டுத்தான் தண்ணீர் கொதிக்க வைப்போம். என் மகளுக்கு அதை யார் வைப்பார்கள்?

எடுத்துக்கொண்டேன். ஒரு கடி கடித்தேன். வாயில் இருந்ததை விழுங்காமலே சொன்னேன்.

"அம்மா, நான் போகோணுங்க."

"போ. படிக்குக் கீழே, இடது பக்கம் கதவு."

"அதுக்கில்லீங்க. ஊருக்குப் போகோணும்."

துரைசானி திரும்பிப் பார்த்தார். "நீதானே வேண்டாம் சொன்னே?"

"அது சும்மா சொன்னதுங்க."

"சும்மா எதுக்குச் சொல்லணும்?"

"இன்னொருக்கா கேப்பீங்கன்னு இருந்தேனுங்க."

அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "ஐயோ ஆயா! ஏற்காட்டிலே இருந்தா நானே மூணு தடவை கேட்டிருப்பேன். இங்கே வந்ததும் எல்லாம் மறந்து போச்சு" என்று சிரித்தார். அக்காவுக்கு விவரம் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"இத்தனை நாள் தட்டு வரும்போதெல்லாம் வேண்டாம் சொன்னியே, அதுவும் சும்மாவா, பசியோடவா இருந்தேன்னு கேக்கறாங்க."

"கொஞ்சம்" என்றேன் தரையைப் பார்த்துக்கொண்டு.

அக்கா பாதி தின்ற ரஸ்கைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார்.

"ஜாவா போறவங்க வேற ஆள் பாத்துட்டாங்களோ என்னவோ" என்றார் துரைசானி. அக்கா அதற்குள் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். திரையில்லாத ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கால்வாய்க் கரையில், எதிர்க்காற்றில், முதுகை வளைத்துச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். மழை பிடித்துக்கொண்டது.

நாங்கள் வீடு திரும்பினோம். பாப்பாவுக்குத் தலை சீவினேன், திரும்பவும் பிரித்துச் சீவினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அக்கா சொட்டச் சொட்ட வந்து நின்று துரைசானியிடம் இரண்டு வார்த்தை சொன்னார்.

"நாளைக்கு வேற ஒருத்தியை முடிவு பண்றதா இருந்தாங்களாம். இப்போ நீதான்" என்றார் துரைசானி.

நான் அக்காவின் காலைத் தொடக் குனிந்தேன். அவர் பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தார். பிறகு அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து, காப்பி நேரம் இல்லாதபோதும், என் முன்னால் வைத்துத் திறந்துவிட்டு, ஈரத் துணியை மாற்ற மாடிக்குப் போனார். மூடியை மூடவே இல்லை. இப்போது நடக்கிற சண்டையில் அந்த நாட்டுக்குள் எதிரிப் பட்டாளம் புகுந்துவிட்டது என்கிறார்கள். அவர் எப்படி இருக்கிறாரோ.

கப்பலில் மூன்று பிள்ளைகள். ஒன்று மாற்றி ஒன்று வாந்தி. நான் வாந்தி எடுக்கவும் நேரமில்லை. கொழும்பில் இறங்கி, கடல் தாண்டி, தனியாக ரயிலேறிச் சேலம் வந்தபோது உடம்பு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டைத் திறந்து கூட்டினேன். மறுநாளே பஸ் ஏறித் தம்மம்பட்டி போனேன்.

"சீமைக்காரி வந்துட்டாங்க பாரு!" என்றார் சம்பந்தியம்மாள்.

மகள் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மெதுவாக வெளியே வந்தாள். எட்டு மாத வயிறு.

"ஏம்மா, நான்தான் வர வேண்டாம்னு எழுதியிருந்தேனே?" என்றாள். சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்தவள் விடவில்லை.

"எழுதியிருந்தே. படிச்சேன்."

உட்கார வைத்து இலை போட்டாள். பாதிச் சோற்றிலேயே எனக்குக் கண் சொருகியது. மறுபடியும் சோற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். "போதும் சாமி" என்று இலைமேல் கையை வைத்து மறித்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. என் கையை ஒதுக்கிவிட்டுப் போட்டாள்.