புள்ளி சின்னதுதான் என்றேன்

சி.டி. ஸ்கேன் டெக்னீசியனுக்கு வாய் இருக்கக் கூடாது. படம் எடுப்பது எங்கள் வேலை. அதைப் பார்த்து இன்னது ஆகும் என்று சொல்வது டாக்டர் வேலை. போடி ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் வேலை பார்த்தும், செல்வம் வந்த பிறகுதான் இது எனக்குப் புத்தியில் ஏறியது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

செல்வம், போடிமெட்டு மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். ஒரு காலையில் வண்டியை எடுக்கப் போனவருக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. நேரத்தோடு கொண்டுவந்ததால் மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். மறுநாள் திரும்ப ஸ்கேன். ரத்தக் கசிவு உண்டா, மூளையில் எவ்வளவு செத்துக் கறுத்திருக்கிறது என்று அதில் பார்ப்போம்.

கசிவு இல்லை. வலது பக்கம் ஆழத்தில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். முந்தின வாரம் பாதி மூளை கறுத்த படம் ஒன்றைப் பார்த்திருந்த எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கதவைத் திறந்ததும் அவர் மனைவி ராணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யக்கா, மனசு கெடந்து அடிச்சுக்கிருது. மறுபடி ஜீப்பு ஓட்டிருவாராக்கா?"

"சின்னப் புள்ளிதாம்மா. ஒரே மாசத்துல கியர் போட்டு மெட்டு ஏறிருவாரு, பாரு."

மதியம் டாக்டர் ஸ்கேன் அறைக்கு வந்து அதே படத்தை வெகுநேரம் பார்த்தார். "புள்ளி சின்னதுதான். ஆனா கைக்குப் போற நரம்பெல்லாம் சேந்து எறங்குற பாதையில உக்காந்திருக்கு. கை வர்றது கஷ்டம். தெனம் பயிற்சி செஞ்சே ஆகணும்" என்றார். ராணியிடம் போய் என் பேச்சைத் திருத்தியிருக்க வேண்டும். டாக்டர்தான் சொல்வாரே என்று இருந்துவிட்டேன்.

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி அறையைத் தாண்டும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். செல்வம் இருக்க மாட்டார். வேறு எங்காவது போகிறார் போல என்று சமாதானம் செய்துகொள்வேன்.

மூன்று மாதம் கழித்து இருவரும் டாக்டரைப் பார்க்க வந்தார்கள். கால் தேறியிருந்தது. இடது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

"பயிற்சிக்கு வரலையா?" என்று கேட்டேன்.

"எங்க ஊரு குரங்கணியில இருந்து தெனம் சோலியக் கெடுத்துக்கிட்டு எங்கிட்டு வர்றது? டாக்டரு பயமுறுத்தத்தான் செஞ்சாரு. படம் எடுத்த அக்காவே ஒரு மாசம்னு சொல்லிருச்சேன்னு இருந்துட்டோம்" என்றார் ராணி.

"நான் சொன்னது தப்பு. சொல்லியிருக்கவே கூடாது" என்றேன்.

செல்வம் கோபப்படவில்லை. "சின்னப் பாறைதான் சிஸ்டரு. ஆனா வளைவுல விழுந்தா ரோடே அடைச்சுப்போகும்ல" என்றார். பிறகு கேட்டார்: "சரி, இப்ப சொல்லுங்க. கை வருமா?"

அப்போதும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தெரியாதுண்ணே. வாங்க" என்று பிசியோ அறைக்கு நானே கூட்டிப் போனேன்.

இன்றும் திரையில் படம் விழும்போது வாய் துறுதுறுக்கிறது. கெட்ட படத்தைவிட, நல்ல படம் வரும்போதுதான் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறேன்.