நான் கை தூக்கவில்லை

அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். வைத்திலிங்கம் ஆகிய நான், என் மருமகள் இளவரசி. கணினித் திரையில் இரண்டு பேர். மலாவி நாட்டுப் பெண் சிகோண்டி, அவளோடு வேலை பார்க்கும் தோகோ. வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிற்பாடு யாரும் ஆள் சேர்க்கக் கூடாது. கதை கட்டும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

வீடு அண்ணாமலை நகரில். இளவரசிக்குக் கடலூரில் ஒரு மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவில் வேலை. வாரம் ஒரு மாலை, வீட்டிலிருந்தபடியே மலாவிக்காரர்களுக்கு இணையத்தில் பயிற்சி கொடுப்பாள்.

தலைக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது நோயாளி அசையக் கூடாது. அதற்காகப் பிளாஸ்டிக் வலைத் தகடு ஒன்றை வெந்நீரில் இளக்கி, முகத்தின்மேல் இழுத்துப் பதித்து, அடியில் இருக்கும் பலகையோடு பூட்டுவார்கள். ஆறி இறுகியதும் அது அவருடைய முகமூடி. அந்த நாட்டில் புதுத் தகடு கிடைப்பது அரிது. பழையதை மறுபடி பயன்படுத்துவது எப்படி என்பதே அன்றைய பாடம். டாக்டரிடம் கேட்டு, ஒதுக்கிப் போட்ட முகமூடி ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள்.

"யாரோடதும்மா இது?"

"தெரியல மாமா. பேரை உரிச்சிட்டுத்தான் குடுத்தாங்க. வெந்நியில போட்டா பழைய மொகம் அழிஞ்சிடும்."

அழிந்தது. கண்ணால் பார்த்தேன். மூக்கு தணிந்தது, கன்னம் தணிந்தது, வெறும் தகடாயிற்று.

நோயாளியாகப் படுக்க வேண்டியவன் என் மகன் எழிலன். அவன் வரத் தாமதமானதால் நான் படுத்தேன்.

"மூச்சு முட்டுனா கையத் தூக்குங்க மாமா. ஒடனே எடுத்துடறேன்."

"வெளிநாட்டுக்காரங்க முன்னாடி கையத் தூக்கறதா? நம்ம ஊரு கீரப்பாளையத்துல எங்க அப்பாரு பேரு என்னாவறது?"

"அவுங்க போயி கீரப்பாளையத்துல சொல்லப் போறாங்களா மாமா!"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பாதியில் நிறுத்தினால் வகுப்பு கெடும். மருமகளின் பெயர் கெடும். என்ன ஆனாலும் கையைத் தூக்குவதில்லை என்று முடிவு செய்தேன். இரு கைகளையும் வயிற்றின்மேல் கோத்துக்கொண்டேன்.

ஈரச் சூட்டோடு தகடு முகத்தில் இறங்கியது. கண்ணை மூடினேன். டக்... டக்... பலகையில் பூட்டினாள். இரண்டு கைகள் என் கன்னங்களை அழுத்தின.

"ஆறும்வரை கையை எடுக்கக் கூடாது" என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். பிறகு தோகோ ஏதோ கேட்டான். அவள் எழுந்து போய்ப் பதில் சொன்னாள். குரல் மேசைப் பக்கமிருந்து வந்தது.

மேசை அறையின் அந்தக் கோடியில் இருக்கிறது.

என் கன்னத்தில் கைகள் அப்படியே இருந்தன.

குளிர்ந்த விரல்கள்.

தகடு இறுகியது. என் முகத்துக்குச் சேராத ஒரு முகம், குறுகலாக, என்மேல் அமிழ்ந்தது. மூக்கு நெரிந்தது. வாயைத் திறக்க முடியவில்லை.

மூச்சு இல்லை.

கை தூக்கவில்லை.

மார்பு வெடித்துவிடும்போல இருந்தது. விரல்களை இன்னும் இறுக்கினேன்.

அப்போது என் காதருகே...

சிலுங்... சிலுங்...

கண்ணாடி வளையல்.

இளவரசி வளையல் போடுவதில்லை.

"கை! கை தூக்குகிறார்!" என்று திரையிலிருந்து சிகோண்டி கத்தினாள்.

ஓடிவந்து பூட்டைத் திறந்தாள் இளவரசி. காற்று வந்தது.

"மாமா! மாமா! என்னா மாமா, ஒங்க வெரலு..."

கோத்த விரல்கள் வயிற்றின்மேல் அப்படியே இருந்தன. அவள்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

பச்சை வளையல் போட்ட கை என்றாள் சிகோண்டி. தலைமாட்டிலிருந்து எழுந்ததாம்.

முகமூடியைத் திருப்பிப் பார்த்தோம். என் முகம் அல்ல. மூக்கின் ஓரத்தில் மூக்குத்தி அளவுக்கு ஒரு சிறு மேடு.

மறுநாள் இளவரசி மருத்துவமனையில் விசாரித்தாள். அது தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் மீன் விற்ற மங்கலத்தின் முகமூடி. சிகிச்சை முடியும் முன்பே வீட்டில் இறந்துபோனவள். பச்சை வளையலைக் கழற்றவே மாட்டாளாம். முகமூடியைப் பூட்டியதும் கையைத் தூக்கிவிடுவாளாம். எடுத்துவிட்டால், "மூச்சு வரல கண்ணு" என்பாளாம்.

முகமூடியை இளவரசி மறுபடி வெந்நீரில் போட்டாள். தகடு வளைந்தது. அந்த முகம் மட்டும் அழியவில்லை.

வைத்திலிங்கம் பயந்துபோய்க் கையைத் தூக்கிவிட்டார் என்று கீரப்பாளையம் வரை பேச்சு. அது பொய். நான் கை தூக்கவில்லை.